பராமரிப்பவரின் கேள்வியிலிருந்து தொடங்குதல்

கட்டடத்தின் டிஜிட்டல் மாதிரியில் எந்தத் தகவல்கள் இருக்க வேண்டும் என்பதை உரிமையாளர் சார்பில் வரையறுத்துத் தருவது என் பணி. அதற்கான முதல் கூட்டத்தில் ‘எல்லாத் தகவலும் வேண்டும்’ என்ற கோரிக்கையே பெரும்பாலும் எழும். அது பாதுகாப்பான கோரிக்கையாகத் தோன்றினாலும், பின்னாளில் கட்டடத்தைப் பராமரிப்பவருக்கு அதனால் பயன் குறைவு என்பதே என் அனுபவம்.

கட்டடத் தகவல் மேலாண்மைக்காக 2018இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650 என்ற பன்னாட்டுத் தரநிலை, நிறுவனத்தின் தகவல் தேவையிலிருந்து சொத்தின், அதாவது கட்டடத்தின், தகவல் தேவையையும், அதைக் கொண்டு ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டியவற்றையும் படிப்படியாக வருவிக்கச் சொல்கிறது. மென்பொருள் எதைத் தருமோ அதையே தேவையாக எழுதிவிடும் இடங்களில் இந்த வரிசை தலைகீழாகிறது. போல்ட்டின் வடிவம்கூடத் துல்லியமாக உள்ள மாதிரியில் உத்தரவாதம் முடியும் நாள் இருக்காது.

ஆகவே, குழாய் உடைந்தால் முதலில் எதைத் தேடுவீர்கள் என்று பராமரிப்புப் பிரிவினரிடம் கேட்டே தொடங்குகிறேன். எந்த வால்வை மூடுவது, அது எந்தத் தளத்தில் எங்கே மறைந்திருக்கிறது, மூடினால் எந்தெந்த அறைகளுக்குத் தண்ணீர் நிற்கும் என்பவையே அவர்களுடைய கேள்விகள். இவற்றுக்கு விடை தர, மாதிரியில் அந்த வால்வு ஓர் எளிய உருளையாக இருந்தாலே போதும். ஆனால், வால்வில் தொங்கும் தகட்டிலும் மாதிரியிலும் பராமரிப்பு மென்பொருளிலும் அதன் அடையாள எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். அது எந்த அமைப்பைச் சேர்ந்தது, எந்தப் பகுதிக்கு நீர் தருகிறது என்ற தொடர்பும் பதிவாகியிருக்க வேண்டும். வடிவம், எழுத்தும் எண்ணுமான விவரம், ஆவணம் ஆகிய மூன்றையும் தனித்தனியே வரையறுப்பது இதனால்தான் அவசியமாகிறது.

கட்டடத் தகவலை உரிமையாளரிடம் ஒப்படைக்கப் பயன்படும் கோபி (COBie) எனப்படும் அட்டவணை முறையில் உபகரண வகையும் தனி உபகரணமும் வெவ்வேறு தாள்களில் வருகின்றன. உற்பத்தியாளர், மாடல் எண், உத்தரவாதக் கால அளவு ஆகியவை வகைக்கு ஒருமுறை போதும். வரிசை எண்ணும் நிறுவிய நாளும் ஒவ்வோர் உபகரணத்துக்கும் வேண்டும். தேவையை எழுதும்போதே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டால், ஒரே விவரத்தைப் பல இடங்களில் நிரப்பும் உழைப்பும் அதில் நுழையும் முரண்பாடும் குறையும்.

கட்டடம் பயன்பாட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகும் என்பதே எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. 2020இல் வந்த அதே தரநிலையின் மூன்றாம் பகுதி, உபகரண மாற்றம், பெரிய பழுதுபார்ப்பு போன்ற நிகழ்வுகளை முன்கூட்டியே கண்டறிந்து, அப்போது எந்தத் தகவல் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று வரையறுக்கச் சொல்கிறது. எனவே, தேவைப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் அதைப் பயன்படுத்துபவர் யார், புதுப்பிப்பவர் யார் என்று எழுதக் கேட்கிறேன். இரண்டிலும் பெயர் இல்லாத வரியை, எவ்வளவு விரும்பப்பட்டதாயினும், ஒப்பந்தத்தில் சேர்க்கப் பரிந்துரைப்பதில்லை.