சொட்டு விடுவதற்கு முன்னும் பின்னும்

கண்ணின் பாப்பாவை, அதாவது நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை, விரிக்கும் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னால், எங்கள் குடியாத்தத்தில் பாதிப்பேர் “அடுத்த மாதம் வருகிறேன்” என்று சொல்லி எழுந்து வந்துவிடுவார்கள். நாள் முழுக்கக் கண் மங்கலாக இருக்குமாம், வேலை கெட்டுப்போகுமாம், யார் உட்காருவது என்பார்கள். வேலை கெடுவது உண்மைதான். நான் தையல்காரி, எனக்குத் தெரியாதா? ஆனால் சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். அங்கே ரத்தக் கசிவு தொடங்கினாலும் வெகுநாள் வரை வலியும் இருக்காது, பார்வையும் குறையாது. தெரியவரும்போது காரியம் மிஞ்சியிருக்கும்.

சொட்டு விடுவது ஒரு நொடி வேலை. அதற்கு முன்னால் நாம் வாய் திறந்து சொல்லவேண்டியவையும், பின்னால் வீட்டில் செய்து வைக்கவேண்டிய ஏற்பாடும்தான் இதில் பெரிய வேலை. எனக்கு வருடா வருடம் இந்தப் பரிசோதனை நடக்கிறது. இந்தக் கோடையில் என் பேத்திக்கும் கண்ணில் மருந்து போட்டோம். அவளுக்குப் போட்டது வேறு மருந்து, அதன் குணமும் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நாள் பார்க்கவேண்டும். முகூர்த்த நாட்களுக்கு முந்தைய வாரத்தில் நான் வேலூர் மருத்துவமனைப் பக்கமே போகமாட்டேன். கல்யாண ரவிக்கைகள் மேசையில் குவிந்திருக்கும்போது மங்கிய கண்ணோடு கத்தரியைத் தொட முடியாது. மருந்து விட்ட அன்று ஊசியில் நூல் கோப்பது நடக்காத காரியம். மிஷினைக்கூட நான் தொடுவதில்லை. விரலில் ஊசி ஏறினால் சர்க்கரைக்காரிக்குப் புண் ஆற எத்தனை நாள் ஆகும் என்பது எனக்குத்தான் தெரியும்.

வெறும் வயிற்றோடும் போகக்கூடாது. ரத்தப் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டு சிலர் பட்டினியாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். காலையில் மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல், கண்ணை மூடியபடி வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். மயங்குகிறாரா தூங்குகிறாரா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நான் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன், பையில் பிஸ்கட்டும் இருக்கும். கூடவே எல்லா மாத்திரைச் சீட்டுகளும், ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு குடை. துணைக்குத் தம்பி வருவான்.

மருத்துவமனையில் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். பிறகு கண் அழுத்தம் பார்ப்பார்கள். அதன்பின் மோவாயை வைத்து நெற்றியை ஒட்டிக்கொள்ளும் கருவியில் மருத்துவர் கண்ணின் முன்பக்கத்தைப் பார்ப்பார். டார்ச் அடித்து பாப்பா சுருங்குகிறதா என்றும் பார்ப்பார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் சொட்டு. மருந்து விட்டுவிட்டால் பலகையும் சரியாகத் தெரியாது, பாப்பாவும் வெளிச்சத்துக்கு அசையாது. ‘முதலில் சொட்டு விட்டுவிடுங்கள், நேரம் மிச்சம்’ என்று அவசரப்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மிச்சப்படுத்துவது எதுவுமில்லை.

இந்த முன்பரிசோதனையின் அருமை என் நாத்தனாரின் விஷயத்தில் தெரிந்தது. அவருக்குத் தூரப்பார்வைக்கே பிளஸ் கண்ணாடி. மருத்துவர் கருவியில் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் நீர் வடியும் வழி ஒடுக்கமாக இருக்கிறது, இன்று சொட்டு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அப்படிப்பட்ட கண்ணில் பாப்பா விரியும்போது அந்த வழி அடைத்துக்கொண்டு, சில மணி நேரத்தில் அழுத்தம் ஏறிவிடலாமாம். லேசர் வைத்துச் சின்னத் துளை போட்ட பிறகு வேறொரு நாளில்தான் மருந்து விட்டுப் பார்த்தார்கள். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருப்பதாக யாராவது எப்போதாவது சொல்லியிருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும், கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, முன்பு சொட்டு விட்டபோது கண் வீங்கியதோ அரித்ததோ, கண்ணில் செய்த அறுவைச் சிகிச்சை, கர்ப்பம், தாய்ப்பால், மனநலத்துக்காகச் சாப்பிடும் மாத்திரை என்று எல்லாவற்றையும் சொல்லவேண்டும். ‘கண்ணுக்கு விடுகிற சொட்டுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கலாம். இங்கே பெரியவர்களுக்கு வழக்கமாக விடும் மருந்து பெரும்பாலும் டிராபிகமைடும் ஃபினைல்எஃப்ரினும் கலந்தது. இரண்டாவது மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கண்ணிலிருந்து உடம்புக்குள் போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஒருமுறை எனக்குப் பக்கத்தில் அணைக்கட்டுப் பக்கத்து ஆயா ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் பாட்டிலைத் திறந்துகொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

“பிரஷர் இருக்கிறதா ஆயா?”

“அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா.”

“மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?”

“தலைசுற்றலுக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று.”

சிஸ்டர் பாட்டிலை மூடிவிட்டார். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், அதிகமாக இருந்தது. மருத்துவரிடம் கேட்டுவந்து, கலப்பில்லாத டிராபிகமைடு மட்டும் விட்டார்கள். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் சீட்டு சொல்லிவிடும்.

சொட்டு விடுவதை நான் எப்போதும் கவனித்துப் பார்ப்பேன். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை விரலால் இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு துளி. பாட்டிலின் நுனி இமையிலோ மயிரிலோ படக்கூடாது. பட்டால் அடுத்தவர் கண்ணின் கிருமி நமக்கும் நம்முடையது அவருக்கும் போகும். முதல் துளி சுரீரென்று எரியும். கண்ணை இறுக்கிச் சிமிட்டத் தோன்றும். சிமிட்டினால் பாதி மருந்து கன்னத்தில் வழிந்துவிடும். மெல்ல மூடிக்கொண்டு, மூக்கோரத்துக் கண்முனையை ஒரு விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். அங்கேதான் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் தொடங்குகிறது. அழுத்தாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கும். கசந்தால் மருந்து கண்ணைத் தாண்டி உள்ளே போகிறது என்று பொருள். வயதானவர்களுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த இரண்டு நிமிடத்தை நான் வலியுறுத்திச் சொல்வேன். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும்.

பதினைந்து, இருபது நிமிடத்தில் பாப்பா விரியத் தொடங்கும். நம் ஊர்க் கண்கள் கறுப்பும் பழுப்புமாக இருப்பதால் மருந்து அந்த நிறத்தோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக வேலை செய்யும், மெதுவாகவே விடும். சர்க்கரை முற்றியவர்களுக்கு விரிவது இன்னும் தாமதம். இரண்டாவது துளி, சில நேரம் மூன்றாவது துளி விடுவது அதனால்தான். ‘எனக்கு மட்டும் ஏன் மறுபடி மறுபடி விடுகிறார்கள்?’ என்று பயப்படவேண்டியதில்லை. அதே சமயம், ‘இன்னொரு சொட்டு விடுங்கள், சீக்கிரம் முடியட்டும்’ என்று நாமாகக் கேட்கவும் கூடாது.

பிறகு மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்துப் பார்ப்பார். மேலே பாருங்கள், வலப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே என்று சுற்றவைப்பார். விழித்திரையின் ஓரங்கள் விரிந்த பாப்பா வழியாகத்தான் தெரியும். வெளிச்சம் கூசும், கண்ணீர் கொட்டும், முடிந்ததும் சில நொடிகள் எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அவ்வளவுதான். பலர் பயப்படுவது இந்தக் கட்டத்துக்கு. எனக்கு இதுவே சுலபமான பகுதி.

வெளியே வந்தால்தான் சோதனை. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சுற்றிலும் பாறை மலைகள், நடுவில் தார்ச்சாலை. அந்த வெளிச்சம் முழுக்க, தடுப்பே இல்லாத கண்ணுக்குள் இறங்கும். கறுப்புக் கண்ணாடியும் குடையும் இல்லாமல் ரோட்டைக் கடக்கக் கூடாது. படிக்கட்டில் தம்பியின் தோளைப் பிடித்துக்கொள்வேன். விளிம்பு எங்கே முடிகிறது என்பது வெயிலில் தெரியாது. மருந்துக்கடை ரசீதின் எழுத்துகள், வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டபோதும், ஈரம்பட்ட மைபோலக் கசிந்து தெரிந்தன. கையெழுத்துப் போடவேண்டிய படிவம் இருந்தால் சொட்டுக்கு முன்பே படித்துப் போட்டுவிடுவது நல்லது. அன்று வண்டி ஓட்டக் கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு பையன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொட்டுக்கு உட்கார்ந்தான். யாருடன் வந்திருக்கிறாய் என்று சிஸ்டர் கேட்க, தனியாக என்றான். “அப்படியானால் வேறொரு நாள் வா தம்பி” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தச் சிஸ்டரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

யாரும் எச்சரிக்காத ஒன்று இரவு இன்சுலின். மங்கல் நான்கு மணி நேரத்தில் குறையலாம், எட்டு மணி நேரமும் ஆகலாம். நாற்பது யூனிட் ஊசியின் மெல்லிய கோடுகளை அந்தக் கண்ணால் நம்பி எடுக்க முடியாது. அன்று என் கணவர்தான் மருந்தை எடுத்து, அளவை வாய்விட்டுப் படித்த பிறகு கொடுப்பார். இரவு மாத்திரைகளைக் காலையிலேயே பிரித்துத் தனியாக வைத்துவிடுவேன். அடுப்பு வேலையும் அன்று என்னுடையதில்லை. இதை மட்டும் நான் மகிழ்ச்சியோடு கடைப்பிடிக்கிறேன்.

மங்கலும் கூச்சமும் இயல்பு. கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, அதோடு தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தாலோ விடியட்டும் என்று இருக்கக்கூடாது. கண் அழுத்தம் ஏறியிருக்கலாம், அந்த இரவே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

எங்கள் ஊரில் நடந்த ஒரு முகாமில், வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதுவும் கேட்காமல் ஒருவர் சொட்டு விட்டுக்கொண்டே போனதைப் பார்த்தேன். கூட்டம் அதிகம் என்றார்கள். என் முறை வந்தபோது கண் அழுத்தம் பார்த்தீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பேத்தியின் கதை வேறு. ஐந்து வயது. புகைப்படம் எடுக்கும்போது ஒரு கண் மூக்குப் பக்கம் திரும்புவதை மகள் கவனித்தாள். கண்ணாடிக்கடைக் கம்ப்யூட்டர், பவர் பெரிதாக ஒன்றுமில்லை என்று சீட்டு கொடுத்தது. குழந்தைகள் கண்ணின் தசையை இறுக்கியே குறையைச் சமாளித்துவிடுவார்கள். அந்தத் தசையைத் தளரவைத்தால்தான் உண்மையான பவர் தெரியும் என்று மருத்துவர் விளக்கினார். அதற்கு அட்ரோபின் களிம்பு, வீட்டிலேயே மூன்று நாள், நாளுக்கு மூன்று வேளை. வேலியோரம் வளர்கிற ஊமத்தையில் இருப்பதும் இந்த வகை மருந்துதான். ஊமத்தையைக் கிள்ளிய கையால் கண்ணைத் தேய்த்தவர்களுக்குப் பாப்பா விரிந்துபோவது உண்டு. வாய்க்குள் போனால் அது விஷம் என்பதும் ஊரறிந்தது. அதனால் டியூபைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம்.

அரிசி அளவுக்குமேல் வைக்கக்கூடாது. வைத்ததும் கண்முனையை அழுத்தவேண்டும், வழிந்ததைத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் குழந்தை கையால் தேய்த்து வாயில் வைத்துக்கொள்ளும். நம் கையையும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். மறந்து கண்ணைத் தொட்டால் நமக்கும் விரிந்துவிடும். இந்த மருந்து வியர்வையைக் குறைக்கும். வேலூர் மாவட்டத்து மே மாதத்தில் குழந்தைக்கு வியர்க்காவிட்டால் என்ன ஆகும்? உடம்பு கொதிக்கும். வெளியே விளையாட விடவில்லை, தண்ணீர் நிறையக் கொடுத்தோம். முகம் சிவந்து, வாய் உலர்ந்து, காய்ச்சல் அடித்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, பிள்ளை சம்பந்தமில்லாமல் பிதற்றினாலோ களிம்பை நிறுத்திவிட்டு உடனே அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். அப்படி எதுவும் நேரவில்லை. “ஆயா, வாசல் எல்லாம் வெள்ளையாக இருக்கிறது” என்றாள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவள் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் சிரமமாக இருந்தது.

களிம்புக்குப் பிறகு பார்த்ததில் கடைச் சீட்டில் இல்லாத பிளஸ் பவர் நன்றாகவே தெரிந்தது. பாப்பா பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் வரை ஆகலாம் என்றார்கள்; அதுவரை படப்புத்தகமும் கைபேசியும் கிடையாது. மருந்து இறங்கிய பிறகு மறுபடி அழைத்துப் பார்த்துத்தான் கண்ணாடி எழுதினார்கள். போட்டுக்கொண்டால் கண் நேராக நிற்கிறது, கழற்றினால் திரும்புகிறது. அடுத்த முறை களிம்பு வேண்டாம், மருத்துவமனையிலேயே சொட்டு விட்டுப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பள்ளி கெடாதபடி அரையாண்டு விடுமுறையில் தேதி கேட்டு வாங்கியிருக்கிறோம்.