ஒரே வலி, ரெண்டு பிள்ளைகள்

வடசென்னைக் கதை என்றாலே கத்தி தூக்குகிறவன் ஒருத்தன் வந்துவிடுவான், அவன் ஏன் தூக்கினான் என்பதற்குச் சின்ன வயசில் பட்ட கஷ்டத்தை ரெண்டு காட்சியில் காட்டிவிடுவார்கள். தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்துகிறது. கஷ்டப்பட்டான், அதனால் இப்படி ஆனான் என்று சொன்னால் போதுமா?

போன வாரம் 'நாயகன்' மறுபடி பார்த்தேன். 1987இல் வந்த படம், எத்தனையோ தடவை பார்த்தாச்சு, ஆனால் இந்தத் தடவைதான் இது தட்டுப்பட்டது. தொழிற்சங்கத்துக்காரரான அப்பா ஒளிந்திருக்கும் இடத்தை, விவரம் தெரியாத மகனை வைத்தே கண்டுபிடித்துப் போலீஸ் சுட்டுக் கொல்கிறது. அந்தப் போலீஸ்காரரைக் குத்திவிட்டு பம்பாய்க்கு ஓடுகிற பையன்தான் வேலு. அதற்கப்புறம் சட்டம் என்றாலே அவனுக்கு அப்பாவைக் கொன்ற ஆள்தான், அதனால் நியாயம் சொல்கிற வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறான். சரி, அவன் மகள் சாருமதி? அவளும் சின்ன வயசில் அம்மாவைத் துப்பாக்கிக்குத்தான் பறிகொடுத்தாள், சுட்டது அப்பாவின் எதிரிகள். அவள் அப்பாவையே எதிர்த்துக் கேட்டுவிட்டு வீட்டை விட்டுப் போகிறாள், பிறகு ஒரு போலீஸ் அதிகாரியைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள்.

யாரை நம்பக்கூடாது என்பதை மட்டும்தான் அந்த வலி ரெண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மிச்சத்தை அவரவரே முடிவு பண்ணினார்கள்.

'புதுப்பேட்டை' (2006) இன்னும் கொடூரம். குமாரின் அம்மாவைக் கொன்றது அவன் அப்பாவே. ஓடிவந்து பிச்சை எடுக்கிறான், அடி வாங்குகிறான், நமக்கும் மனசு இளகிவிடுகிறது. அதே குமார்தான் கூட்டாளியின் தங்கச்சி கழுத்தில், அவள் கல்யாணத்தன்றே, கட்டாயத் தாலி கட்டுகிறான். அம்மா பட்டதைக் கண்ணால் பார்த்த பையன்! அந்த இடத்தில் அவன்மேல் நமக்கிருந்த இரக்கத்தைப் படமே பிடுங்கிக்கொள்கிறது, அதனால்தான் எனக்கு அது பெரிய படம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவர். பையனுக்கு ஆறு வயசாகும்போது அவர் வீட்டுக்காரரை வெட்டிவிட்டார்கள். சாயந்திரம் பையனை கேரம் கிளப்பில் விட்டுவிட்டு வாசப்படியிலேயே உட்கார்ந்திருப்பார், கையில் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டினவனின் மகனும் அதே போர்டில்தான் ஆடுவான். ஒரு நாள் டீ வாங்கி, ரெண்டு டம்ளரையும் ஆற்றி, ரெண்டு பேருக்கும் கொடுத்தார். எப்படி முடிகிறது என்று கேட்டே விட்டேன். "அது இன்னாப்பா பண்ணுச்சு, சின்னப் புள்ள" என்றார்.

அந்தப் பையனுடைய அம்மா எதிரில் வந்தால் மட்டும் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவரை வைத்து யாராவது ஒரு கதை எழுத வேண்டும், அந்த முகத்திருப்பலையும் விடாமல்.