கத்தரிக்காய்க்காகவே இன்னொரு முறை மலையேறலாம்: ஸஹாரா தெ லா சியெர்ரா

தெற்கு ஸ்பெயினின் மலையூரான ஸஹாரா தெ லா சியெர்ராவுக்குப் போக, செவில்லே நகரில் வாடகைக் கார் எடுக்க நின்ற ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. வழி, செலவு, பார்க்கவேண்டிய இடங்கள் என்று ஒழுங்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் இதைக் கொட்டிவிடுகிறேன்.

இணையத்தில் ஒரு நாளைக்கு 31 யூரோ என்று பதிவுசெய்திருந்தோம். யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது, மனசுதான் தாங்காது. கவுன்டரில் இருந்தவர், கூடுதல் காப்பீடு எடுக்காவிட்டால் கார்டில் 1,200 யூரோவைப் பிடித்துவைப்போம் என்றார். அந்தக் காப்பீடு 28 யூரோவாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மறுத்தேன். "மலைப்பாதையில் கீறல் விழாமல் வரமாட்டீர்கள்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் உறுதியாக மறுத்தேன். என் தங்கை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சக்கர விளிம்பு வரை வீடியோ எடுத்தாள். நீங்களும் எடுங்கள். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் மறக்காதீர்கள். அதையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். முதல் அரைமணி நேரம் கியர் மாற்றும்போதெல்லாம் என் இடக்கை கதவில் போய் இடித்தது. திரும்புவதற்கு விளக்குப் போட்டால் வைப்பர் ஓடியது. மேகமே இல்லாத மே மாதக் காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போன ஒரே வண்டி எங்களுடையது. "அக்கா, மழை விட்டுவிட்டதா பார்" என்றாள் தங்கை.

மோன்டெயானோ தாண்டும் வரை சூரியகாந்தி வயலும் ஒலிவத் தோப்பும்தான். அல்கொதொனாலெஸ் ஊரைத் தாண்டியதும் சட்டென்று ஸஹாராவின் பாறை எதிரே நின்றது. உச்சியில் ஒற்றைக் கோபுரம், அடிவாரத்தில் சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள், அவற்றுக்குக் கீழே குவாதலெத்தே ஆற்றைத் தேக்கிய ஏரி. அதன் நிறத்தை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாற, மயில்கழுத்துப் பட்டு என்று தங்கை முடித்துவிட்டாள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

எல்லோரும் மலையிடுக்குப் பாலத்துக்குப் பேர்போன ரோண்டா ஊருக்கு ஓடுகிறார்கள். நாங்களும் முந்தின நாள் பஸ்ஸில் போனோம். பாலம் பிரமாதம்தான், ஆனால் பாலத்தைவிட அதைப் படமெடுப்பவர்களின் முதுகைத்தான் அதிகம் பார்த்தோம். ஸஹாராவுக்குப் போக ஒரு கார் இருந்தால் போதும், ஊரே உங்களுடையது. ஒரே எச்சரிக்கை: காரை ஊருக்குள் கொண்டுபோகாதீர்கள். நாங்கள் வழிகாட்டிச் செயலியை நம்பிப் போய், இரண்டு சுவர்களுக்கு நடுவே ஆப்பு அடித்தாற்போல நின்றோம். 1,200 யூரோ கண்முன் ஆடியது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். எங்கள் பக்கக் கண்ணாடிகளைத் தானே மடக்கினார். விரல் அசைவாலேயே பின்னுக்கு நகர்த்தி வெளியே கொண்டுவந்துவிட்டார். நன்றி சொல்வதற்குள் திண்ணைக்குத் திரும்பிவிட்டார்.

கோட்டைக்கு இருபது நிமிட ஏற்றம். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. 1481 டிசம்பரில் தெற்கே இருந்த இஸ்லாமிய அரசான கிரனடாவின் சுல்தான் அபுல் ஹசனின் ஆட்கள் இதே பாறையில் இரவோடு இரவாக ஏறி, காஸ்டில் என்ற கிறிஸ்தவ அரசின் படையிடமிருந்து கோட்டையைப் பிடித்திருக்கிறார்கள். பகலில், செருப்புக்காலோடு வந்த எனக்கே இந்தப் பாடு. இரண்டே ஆண்டில், 1483இல், கோட்டை மறுபடி காஸ்டில் கைக்கே போனது. ஆனால் அந்த இரவு மூட்டிய போர், 1492 ஜனவரியில் கிரனடாவே வீழும் வரை ஓயவில்லை. பழைய ஊர் மதிலுக்குள்தான் இருந்ததாம். இப்போது அடித்தளக் கற்களும் ஒரு தேவாலயத்தின் மிச்சமும் கிடக்கின்றன. கோபுரத்தின் மேல்தளத்தில் காற்று துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

இனி சாப்பாடு. தங்கை சைவம். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் ஸ்பெயினில் பிழைக்க முடியாது. பன்றித்தொடையை அவர்கள் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "சின் ஹமோன்", அதாவது பன்றித்தொடை இல்லாமல், என்று தனியாகச் சொல்ல வேண்டும். சாலட் என்றால் சூரை மீனும் கூடவே வரும். இதையெல்லாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஆனால் அன்றைக்கு வந்தது கத்தரிக்காய்! மெல்லியதாக நறுக்கி, மாவில் தோய்த்து, மொறுமொறுவென்று பொரித்து, மேலே கரும்புப் பாகு. மியெல் தெ கான்யா, கரும்புத் தேன் என்று பெயர். நிறமும் வாசமும் நம் வெல்லப்பாகுக்குத் தங்கைதான். உப்பும் இனிப்பும் எண்ணெயும் ஒன்றாக நாக்கில் இறங்கியபோது இருவரும் பேசவே இல்லை. தட்டு 8 யூரோ. இரண்டாவது தட்டும் சொன்னோம். கணக்கு நோட்டு வைத்திருக்கும் தங்கையே சொன்னாள் என்றால் பாருங்கள். அப்புறம் அந்த மலை ஆட்டுப்பாலில் செய்த பாயோயோ பாலாடைக்கட்டி. கேட்காமல் வைத்த ரொட்டிக்கூடைக்கு ஆளுக்கு 1.50 யூரோ போட்டதை மட்டும் மன்னிக்கவில்லை. வேண்டாம் என்றால் முதலிலேயே திருப்பி அனுப்புங்கள். நான்கு மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுவார்கள், அதற்குமுன் உட்கார்ந்துவிடுங்கள்.

மாலையில் சி.ஏ-9104 சாலையில் பக்கத்து மலையூரான கிரஸலேமாவுக்கு ஏறினோம். பலகையில் புவெர்தோ தெ லாஸ் பலோமாஸ் என்றிருந்ததால் மலைமேல் துறைமுகமா என்று குழம்பினாள் தங்கை. துறைமுகத்துக்கும் கணவாய்க்கும் அங்கே ஒரே சொல். புறாக் கணவாய். புறா ஒன்றுகூட இல்லை, பாறுக் கழுகுகள்தான். கொண்டையூசி வளைவுகளில் நான் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட, அவை சிறகை அசைக்காமல் எங்கள் கண்மட்டத்தில் மிதந்து கடந்தன. சாலையோரம் தடுப்புச்சுவர் பல இடங்களில் பெயருக்குத்தான். இரவில் இந்தப் பாதை வேண்டாம்.

வழி சொல்கிறேன் என்றேனே: செவில்லே, மோன்டெயானோ, அல்கொதொனாலெஸ், ஸஹாரா, சுமார் 100 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பஸ்ஸை நம்பி ஒரே நாளில் போய்வரத் திட்டம் போடாதீர்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அதே ஆள் டார்ச் அடித்து அரைமணி நேரம் கீறல் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. பிடித்துவைத்த 1,200 யூரோ ஏழு வேலை நாளில் விடுபடும் என்றார். இன்று பதினொன்றாம் நாள்.