என்னைப் பற்றி 500 சொற்கள்

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது சான்றிதழ்களைவிட என்னை அதிகம் திணறடித்தது அந்தக் கட்டுரைதான். குடும்பப் பின்னணி, நான் மதிப்பவை, பத்து வருடம் கழித்து என்ன ஆக வேண்டும், எல்லாம் சேர்த்து 500 சொற்கள்.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம். நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. கல்லூரிச் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் என்பதால் எனக்குக் கிடையாது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்ததால் கல்விக் கட்டணச் சலுகையோடு சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். விடுதிச் சாப்பாட்டுச் செலவுக்குத்தான் இந்த உதவித்தொகை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று கைமாறி வரும். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அப்பா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். எனக்கு அதிலேயே இரண்டு வாரம் போனது.

அப்புறம் கட்டுரை. "உழைப்பும் நேர்மையும் என் இரு கண்கள்" என்று ஆரம்பித்தேன். விடுதியில் நான்காம் வருட அண்ணன் ஒருவர் வாங்கிப் படித்தார். "தம்பி, பேரை மாத்திட்டு இதை நானே அனுப்பலாம். உங்க வீட்டுல பார்த்ததை எழுது."

வீட்டில் பார்த்தது என்றால் அம்மாவின் பல்தான். பழுப்புக் கறை. யார் சிரிப்பு மூட்டினாலும் முந்தானை வாய்க்குப் போய்விடும். ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, முதுகு நிமிராது. இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான்: எங்கள் பக்கத்துப் பாறையில் இருக்கும் ஃபுளோரைடு, போர்வெல் தண்ணீரில் கரைந்து வருகிறது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ருசியிலும் தெரியாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆனாலும் ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஏதாவது பழுதானால், சரியாகும் வரை மறுபடி போர் தண்ணீர்தான். அதை எழுதினேன்.

மதிப்பவை என்ற இடத்தில் அப்பாவை எழுதினேன். பெங்களூரில் கொத்தனார். தண்ணீர் நிரப்பிய டியூபைச் சுவரோடு பிடித்து மட்டம் பார்ப்பார். ஒரு நூல் ஏறியிருந்தாலும் அந்த வரிசையைப் பிரித்துவிடுவார், கூலி போனாலும் சரி. லீவில் அவரோடு வேலைக்குப் போனபோது டியூபின் மறுமுனையைப் பிடித்தவன் நான்.

நேர்காணலில் மூன்று பேர். "காய்ச்சினால் ஃபுளோரைடு போகுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும் என்றேன். "வேலை எல்லாம் கம்ப்யூட்டர் பக்கம்தானே இருக்கு, ஏன் சிவில்?" என்றார் இன்னொருவர். குழாய் போட்டதோடு வேலை முடிவதில்லை, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் தேர்வு எழுதிக் குடிநீர் வடிகால் வாரியத்தில் சேர வேண்டும், அதுவும் எங்கள் மாவட்டத்திலேயே என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அவர்கள் அவசரப்படுத்தவில்லை.

தேர்வான செய்தி வந்த வாரம் ஊருக்குப் போய், கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பல்லைப் பற்றிய வரி வந்ததும் கை முந்தானைக்குப் போனது. "அதையும் எழுதிட்டியா?" என்றார். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, "என் முதுகைப் பத்தி என்ன எழுதியிருக்கே, படி" என்றார். படித்தேன்.