காவிரியின் மேற்குக் கரையில் ஒரு வீடு

பவானி கூடுதுறைக்குக் கீழே காவிரி ஏறக்குறைய தெற்கு நோக்கி இறங்குவதால், ஈரோட்டுக் கரையில் நிலம் வைத்திருப்பவருக்கு ஆறு கிழக்கில் அமைகிறது; எதிரே நாமக்கல் கரையில் இருப்பவருக்கு அது மேற்கில். ஒரே ஆற்றைப் பார்த்தாலும் இவ்விரு கரைகளிலும் ஒரே வீட்டைக் கட்ட முடியாது. அங்கே சாயங்கால வெயில் நேராகவும், தண்ணீரில் பட்டுத் தெறித்தும் அறைக்குள் வரும். நம் கரையிலோ பிற்பகலில் வீட்டின் நிழலே ஆற்றுப்பக்கத் தாழ்வாரத்தின் மேல் விழும்.

என் மாமாவின் தோட்டம் இந்தக் கரையில்தான் இருக்கிறது. "ஆத்தைப் பார்த்த பக்கமெல்லாம் கண்ணாடியாப் போட்டுடு கண்ணு" என்றார். அவர் கைப்பேசியில் காட்டிய படங்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து ஆற்றோர வீடுகள். தூண்களின் மேல் எழுப்பி, சுற்றிலும் அகலமான தாழ்வாரம் விடும் அந்த ஊர் மரபை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அது தெற்கே 27 டிகிரியில் உள்ள, மிதவெப்ப மண்டல ஊர். அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கில்தான் நிற்கும், ஒரு பக்கத்துக்கு நிழல் கொடுத்தால் போதும். நாமோ வடக்கே 11 டிகிரியை ஒட்டி இருக்கிறோம். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்தும், மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்தும் விழுவதால், இரண்டு பக்கச் சன்னல்களுக்கும் இங்கே நிழல் வேண்டும்.

மேற்குப் பக்கம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றும், வீட்டைச் சுடும் பிற்பகல் வெயிலும் ஒரே திசையிலிருந்து வருகின்றன. மேற்கை முழுக்க அடைத்துவிட்டால் அந்தக் காற்றை இழப்போம். திறந்து வைத்தால் வெயிலும் புழுதியும் சேர்ந்து வரும். அதனால் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை மேற்கில் வரிசையாக வைத்து, அவற்றுக்கு இடையே குறுகலான, உயரமான திறப்புகளை மட்டும் விட்டு, வெளியே புங்கையும் வேம்பும் நட்டிருக்கிறோம். காற்று நுழையும் வாயைவிட வெளியேறும் வாய் பெரிதாக இருந்தால் உள்ளே காற்றோட்டம் வேகம் பெறும் என்பதால், ஆற்றுப் பக்கம் அகலமான கதவுகள் வருகின்றன. நடுவில், நம் தொட்டிக்கட்டு வீடுகளில் இருப்பதுபோல், வானம் பார்த்த ஒரு முற்றம். சூடேறிய காற்று அதன் வழியே மேலே போய்விடும்.

ஆற்றுப்பக்கத் தாழ்வாரத்துக்கு எட்டடி அகலம் வைத்ததற்குக் காலை வெயில் மட்டும் காரணமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரலும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்தே அடிக்கும்.

தரைமட்டத்தை முடிவு செய்தது மோட்டார் அறைச் சுவர். 2018 ஆகஸ்ட் வெள்ளம் அதில் விட்டுப்போன செம்மண் கோடு, வெள்ளையடித்த பிறகும் மங்கலாகத் தெரிகிறது. அந்தக் கோட்டுக்கு மூன்றடி மேலே வீட்டின் தரை வருகிறது. கீழே தூண்களுக்கு இடையில் சுவர் எழுப்பவில்லை, தண்ணீர் தடையின்றிப் போகட்டும். மின்பலகை மேல்தளத்திலும், கழிவுநீர்த் தொட்டி ஆற்றிலிருந்து தள்ளி மேட்டிலும் அமையும். இனி சர்வேயர் வந்து ஆற்றுப் புறம்போக்கின் எல்லையைக் காட்ட வேண்டும். அதன் பிறகே வரைபடம் அனுமதிக்குப் போகும்.