ஆறிய கஞ்சி

குச்சிக்கிழங்கு மாவை ஒரு பிடி எடுத்து விரல்களுக்கு நடுவே அழுத்தினால் கீச்சென்று சன்னமாக ஒரு சத்தம் வரும். சேலத்துப் பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டார்ச் ஆலையில் ரியாக்டர் என்ற வினைக்கலனைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், அந்தச் சத்தத்தை வைத்தே மாவில் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். முதல் வாரமே இரண்டு கையிலும் இரண்டு மாவை வைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டினார்.

"எது பச்சை மாவு, எது நம்ம ஓட்டுன மாவு? சொல்லுங்க சார் பார்க்கலாம்."

ரியாக்டரில் ரசாயனம் விட்டு மாவின் குணத்தை மாற்றுவதைத்தான் ஓட்டுவது என்பார்கள். இரண்டும் ஒரே வெள்ளை. இரண்டும் கீச்சிட்டன. அயோடின் விட்டேன், இரண்டும் நீலமாயின. மைக்ராஸ்கோப்பில் மாவு மணிகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. வேதியியல் பட்டத்தோடு வந்தவன் பதில் தெரியாமல் நின்றேன். அவர் இரண்டையும் தனித்தனி டம்ளரில் கொதிநீர் ஊற்றிக் கிண்டினார். பச்சை மாவு கோந்தாகத் திரண்டு கரண்டியோடு நூலிழுத்தது. ஓட்டிய மாவு வடிகஞ்சி போல ஓடியது.

இப்படிக் குணம் மாற்றிய மாவான மாற்று ஸ்டார்ச்சின் அதிசயம் எனக்கு அன்றுதான் உறைத்தது. மாவு மணியை உடைக்காமலேயே அதற்குள் இருக்கும் குளுக்கோஸ் சங்கிலிகளில் வேலை செய்கிறோம். மாவைத் தண்ணீரில் கரைத்த பாலை 40 டிகிரிக்கு மேல் போகவிடாமல் வைத்துக்கொண்டு, காஸ்டிக் சோடா விட்டுக் காரத்தன்மையைப் பிடித்து, ஹைப்போ என்று நாங்கள் சொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட்டைச் சிறிது சிறிதாக விடுவோம். வினை தானே சூடு கிளப்பும். அவசரப்பட்டால் சூடு கட்டுக்கடங்காது. 60 டிகிரியைத் தாண்டினால் மணிகள் ஊதி வெடித்து ரியாக்டர் முழுக்கக் கோந்தாகிவிடும், அப்புறம் கடப்பாரைதான். போதுமான அளவு வினை நடந்ததும் குளோரினை முறிக்கும் பைசல்பைட் விட்டு நிறுத்திவிட்டு, குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று ஒரு காகிதத்தை நனைத்துப் பார்ப்போம். அந்தக் காகிதத்தில் தடவியிருப்பதும் ஸ்டார்ச்தான், பொட்டாசியம் அயோடைடோடு. நீலமானால் குளோரின் இன்னும் இருக்கிறது என்று பொருள். ஸ்டார்ச்சுக்கு ஸ்டார்ச்சே சாட்சி சொல்வது எனக்குக் கடைசிவரை அலுக்கவில்லை.

எவ்வளவு சிறிய மாற்றம் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதைக் காகித ஆலைக்குப் போகும் சரக்கில் பார்க்கலாம். 100 குளுக்கோஸ் கண்ணிகளில் இரண்டு முதல் நான்கில் மட்டும் நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு குழுவைத் தொங்கவிடுவோம். காகிதக்கூழின் நார்களுக்கு இயல்பாகவே எதிர்மின்னூட்டம். தண்ணீரோடு வழிந்து போகவேண்டிய ஸ்டார்ச் நாரைப் பிடித்துக்கொண்டு காகிதத்துக்கு வலு தருகிறது. தக்காளி சாஸ் பாட்டிலில் தடிப்பாக்கி 1422 என்றோ 1442 என்றோ அச்சிட்டிருந்தால், அங்கே சங்கிலிகளுக்கு நடுவே அங்கங்கே குறுக்குக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். புளிப்பிலும் கொதியிலும் மணி சிதையாமல் நிற்க அந்தக் கட்டுதான் காரணம். அட்டைப்பெட்டிப் பசை இன்னும் அழகு. காய்ச்சிய கஞ்சியில் காய்ச்சாத மாவை மிதக்கவிட்டு, காஸ்டிக்கும் போராக்ஸும் சேர்த்துத் தருவார்கள். சூடான உருளையைத் தொட்ட நொடியில் பச்சை மாவு அங்கேயே வெந்து ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் ஆலைக்குச் சோறு போட்டது என்னவோ விசைத்தறிதான். நெய்வதற்கு முன் பாவு நூலுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி ஏறவேண்டும். ஏறாவிட்டால் தறியின் உராய்வில் இழை பிசிறி அறுந்துபோகும். ஒரு காலத்தில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தேய்த்தார்கள். இப்போது நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லில் கஞ்சித்தொட்டிக்குள் நூல் போய், பிழிந்து, காய்ந்து, பீம் என்ற பாவு உருளையில் சுற்றிக்கொள்கிறது. அதற்குப் பச்சை மாவு ஆகாது. தடித்த கோந்து நூலுக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும். காய்ச்சினாலும் தடிக்காமல் ஓடும் மாவை, தின் பாய்லிங் ஸ்டார்ச் என்று கேட்டு வாங்குவார்கள்.

அந்தப் பெயரில்தான் நான் சறுக்கினேன். 2012ஆம் ஆண்டு. கிழங்கு வரத்து குறைந்து விலை ஏறியிருந்தது. நிர்வாகம் மக்காச்சோள ஸ்டார்ச் வாங்கி, ஹைப்போவுக்குப் பதிலாக அமிலத்தில் ஓட்டச் சொன்னது. செலவு குறைவு. அதுவும் தின் பாய்லிங் ஸ்டார்ச்தான், பெயரில் பொய் இல்லை. கஞ்சி காய்ச்சிச் சூட்டோடு, அடியில் ஓட்டையுள்ள போர்டு கோப்பையில் ஓடவிட்டு, வடிய எத்தனை நொடி என்று எண்ணினேன். வழக்கமான சரக்குக்கு என்ன வருமோ அதே எண். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அண்ணன் மட்டும், "வாசனை வேற மாதிரி இருக்குதுங்க சார், கஞ்சியும் கலங்கலா இருக்குது" என்றார். எண் சரியாக இருக்கிறதே என்று சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஒரு சைசிங் மில்லிலிருந்து போன் வந்தது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. முந்தின இரவு கரண்ட் போனபோது அவர்களுடைய ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, பாய்லர் நின்று, காய்ச்சிய கஞ்சி விடியும்வரை ஆறிக்கிடந்திருக்கிறது. போய்ப் பார்த்தேன். தொட்டியில் இருந்தது கஞ்சி அல்ல. ஆப்பையால் வெட்டினால் துண்டு துண்டாக வந்தது. குழாய்க்குள்ளும் அப்படியே உறைந்திருந்தது. மில்காரர் சத்தம் போடவில்லை. ஒரு கட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"எத்தனை தடவை கரண்டு போயிருக்குது தம்பி. உங்க மாவு ஆறுனா லேசா தடிக்கும், மறுபடி நீராவி விட்டா இளகிரும். இந்த மாதிரி ஆனதே இல்லை."

வெட்டிய கட்டி உறைந்த தயிரைப் போல வெள்ளையாக, குளிர்ச்சியாக இருந்தது. காரணம் அங்கேயே நின்றபடி புரிந்துபோனது. அமிலம் சங்கிலியை நறுக்க மட்டும்தான் செய்யும். நறுக்கிய நேர்ச்சங்கிலிகள் சூடு இருக்கும்வரை தனித்தனியாக ஓடும். ஆறியதும் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும். அப்படி அடுக்கிக்கொள்ளும் நேர்ச்சங்கிலியான அமைலோஸ் கிழங்கு மாவைவிட மக்காச்சோளத்தில் அதிகம், கிட்டத்தட்ட கால் பங்கு. ஹைப்போ நறுக்குவதோடு நிற்காது. சங்கிலியில் ஆங்காங்கே எதிர்மின்னூட்டம் கொண்ட கார்பாக்சில் குழுக்களை விட்டுவைக்கும். அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, சங்கிலிகளை நெருங்கவிடாமல் வைக்கும். பல ஆண்டுகள் நான் ரியாக்டர் சூட்டுக்குப் பயந்து பயந்து செய்த வேலையின் பலன் இந்த மில்லில் ஒவ்வொரு மின்வெட்டிலும் சத்தமில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இல்லாமல் போன அன்றுதான் கண்ணில் பட்டது.

இதே குணம் மிட்டாய்க்காரருக்கு வரம். ஜெல்லி மிட்டாய் ஊற்றும்போது ஓடவேண்டும், ஆறினால் நிற்கவேண்டும். அதற்கு அமிலத்தில் ஓட்டிய மாவுதான் சரி. மாவில் குற்றமில்லை. எந்த ஊருக்கு, எந்தத் தொட்டிக்கு, எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லாத இரவுக்குப் போகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த மில்லில் இரண்டு நாள் தறிக்குப் பீம் போகவில்லை. கூலிக்கு நெய்யும் குடும்பங்களுக்கு இரண்டு நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் கான்டீனிலிருந்து நாலு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு டம்ளர் கஞ்சி காய்ச்சி, தட்டு போட்டு மூடி, ஆய்வகத்து ஜன்னல் மேடையில் இரவு முழுக்க வைத்தோம். காலையில் வந்ததும் முதல் வேலை அதைச் சாய்த்துப் பார்ப்பது. சோதனை ரிப்போர்ட்டில் அதற்கு இடமில்லை. பேனாவால் கோடு இழுத்து ஒரு கட்டம் சேர்த்தேன். கிழங்கு மாவுக்குத் திரும்பிய முதல் பேட்ச் அன்று, அந்தக் கட்டத்தில் எண் எழுதவில்லை. "மறுநாள் காலை 8 மணி: சாய்த்தால் ஓடுகிறது" என்று எழுதி, பக்கத்தில் அண்ணனையும் கையெழுத்துப் போடச் சொன்னேன்.