கீசர் வாடகைக்கா, விலைக்கா? நாகர்கோவிலில் 17 நாள் அலைச்சல்

வாடகைக்கு எடுக்கலாம் என்று கிளம்பி, கடைசியில் விலைக்கு வாங்கி மாட்டி முடிக்க 17 நாள் ஆனது. கீசரைத் தேர்வு செய்யப் பிடித்தது ஒரு மணி நேரம்தான். மீதி நாளெல்லாம் ஒரு கடிதத்துக்கும் ஒரு பிளக் பாயிண்டுக்கும் போயிற்று. இரண்டையும் முதல் நாளே பார்த்திருந்தால் மூன்று நாளில் முடிந்திருக்கும் வேலை.

ஆன்லைனில் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனிகளை நம்பி நேரத்தைக் கழிக்க வேண்டாம். அவர்கள் கணக்கெல்லாம் சென்னை, பெங்களூரு மாதிரி ஊர்களுக்குத்தான். 629-ல் தொடங்கும் எங்கள் மாவட்டப் பின்கோடைப் போட்டுப் பார்த்த எல்லா இடத்திலும் ஒரே பதில், சேவை இல்லை. ஆக உள்ளூர்க் கடைதான் கதி. வடசேரி, வெட்டூர்ணிமடம், மார்த்தாண்டம் என்று கேட்டதில் பெரிய ஷோரூம் எதிலும் வாடகைப் பேச்சே இல்லை. ஏசி, வாஷிங் மெஷின் சர்வீஸ் பார்க்கிற சின்னக் கடைகளில் கிடைக்கிறது. எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய பீஸைத் தட்டி, துடைத்து, மாத வாடகைக்கு விடுகிறார்கள்.

எங்களுக்குச் சொன்ன கணக்கு இது. 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசருக்கு (தண்ணீரைச் சுடவைத்து டாங்கியில் சேர்த்து வைப்பது) மாதம் 350 ரூபாய், முன்பணம் 2,000, மாட்ட 600, கழற்ற 400, குறைந்தது ஆறு மாதம். புதிதாக வாங்கினால் அதே அளவுக்கு 7,800, கனெக்‌ஷன் பைப், ஆங்கர் போல்ட், மாட்டுக் கூலி சேர்த்து இன்னொரு 850. வீடு மாறும்போது கழற்ற 400. பழசாக விற்றால் 2,500 தேறும் என்று வைத்துக்கொண்டால் கையை விட்டுப் போவது 6,550. வாடகையில் மாட்டவும் கழற்றவும் ஆகும் 1,000 போக மாதம் 350. இரண்டும் சமமாவது ஏறக்குறைய பதினாறாவது மாதத்தில். பதினோரு மாத அக்ரிமென்டில் இருந்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கும், பேறுகாலத்துக்கு மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கும் வாடகை நிச்சயம் லாபம். ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருப்போம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடுவதுதான் சரி.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய செலவு வரவில்லை. அது ஒயரிங். வாடகை கீசரும் சொந்த கீசரும் ஒரே கரண்டைத்தான் இழுக்கும். 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். குளியலறைச் சுவரில் இருக்கும் சின்ன 6 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் பாயிண்ட், மீட்டர் பக்கத்து போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், தனி எம்சிபி (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்) வேண்டும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் (சின்ன டாங்கியில் உடனுக்குடன் சுடவைக்கும் கீசர்) என்றால் 4 சதுர மில்லிமீட்டர் போடுவது நல்லது. பழைய வீடுகளில் குளியலறை ஒயர் பெரும்பாலும் பல்பு லைனிலிருந்து இழுத்ததாக இருக்கும். அதில் 16 ஆம்பியர் சாக்கெட்டை மட்டும் மாற்றி வைத்தால் சாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது, சுவருக்குள் ஒயர் வெந்துகொண்டிருக்கும்.

இதைப் பார்க்காமல் வாடகைப் பீஸை வரச் சொன்னதுதான் முதல் தண்ட அலைச்சல். கடைப் பையன் பெட்டியோடு வந்தான், சாக்கெட்டைப் பார்த்தான், “இதுல மாட்டுனா நாளைக்கு நீங்க என்னையத்தான் சொல்லுவிய” என்று திரும்பிப் போனான். அவன் சொன்னது நியாயம். வந்துபோன கூலி 250 என்று கடையில் ரசீது போட்டார்களே, அதுதான் இன்னும் எரிகிறது. வருமுன் போனில் “பாயிண்ட் என்ன?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் முந்திக்கொண்டு சாக்கெட்டை போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் ஒயர், இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தக் கீசரையும் மாட்ட வேண்டாம். மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பல வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீசியன் ஒரு டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே பிடித்தால் தெரிந்துவிடும். முழு வெளிச்சத்தில் எரிந்தால் சரி. மங்கலாக எரிந்தால் எர்த் குழி காய்ந்து கிடக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் லேம்ப்பை வைத்ததுமே அது விழும். கரண்ட் போய்விட்டதே என்று பதற வேண்டாம், அதுவே நல்ல சகுனம். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் கீசர் மாட்டுகிற செலவோடு அதையும் போட்டுவிடுவது உத்தமம்.

அடுத்தது கடிதம். வாடகைக் கடையில் ஆதார் நகல், வீட்டு அக்ரிமென்ட் நகல், வீட்டு உரிமையாளர் சம்மதக் கடிதம் மூன்றும் கேட்டார்கள். மூன்றாவதுதான் சிக்கல். இந்த மாவட்டத்தில் பல வீட்டுக்காரர்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள், எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான். வாட்ஸப்பில் அவர் அனுப்பியதைக் காட்டினால் கவுண்டரில் இருந்தவர் திரும்பியும் பார்க்கவில்லை. “அண்ணே, கையெழுத்து வேணும். இது கடை ரூல்சாக்கும்” என்றார். சாவி வைத்திருக்கும் அவருடைய அக்கா தக்கலையில். அங்கே போய்க் கையெழுத்து வாங்கி வந்தால், “அக்ரிமென்ட்ல ஓனர் பேரு வேறல்லா கெடக்கு?” என்றார். மறுபடி தக்கலை. கடைசியில் வீட்டுக்காரரே கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, ஈமெயிலில் அனுப்பியதை அச்செடுத்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார்கள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு பஸ் டிக்கெட் மிச்சம்.

விலைக்கு வாங்கினாலும் இந்தக் கடிதம் வேண்டும், கடைக்காக அல்ல, உங்களுக்காக. மூன்று விஷயம் அதில் இருக்கட்டும். சுவரில் துளை போடச் சம்மதம். புது 16 ஆம்பியர் லைன் இழுக்கச் சம்மதம், அந்தச் செலவு யாருடையது என்பதோடு. காலி செய்யும்போது கீசரைக் கழற்றி எடுத்துப் போகலாம் என்ற வரி. மூன்றாவது இல்லாவிட்டால், “வீட்டோட ஒட்டுன சாமானை எடுக்கக் கூடாதுல்லா” என்று ஒரு பேச்சு கடைசி நாளில் வரும்.

எல்லாத் தாளும் கொடுத்தபின் பீஸைப் பார்த்தபோதுதான் வாடகை எண்ணமே போனது. வாடகைக் கீசரை வெளியே பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை, கடையிலேயே அடிமூடியைக் கழற்றச் சொல்லுங்கள். நான்கைந்து போல்ட், பத்து நிமிட வேலை. தண்ணீரைச் சுடவைக்கும் எலிமென்ட்டோடு சேர்ந்து ஒரு மக்னீசியம் கம்பி வெளியே வரும். அதன் பெயர் ஆனோடு. தண்ணீரிலுள்ள உப்பு டாங்கியை அரிக்காமல் தன்னையே அரிக்கக் கொடுக்கிற கம்பி அது. புதிதில் விரல் கனம் இருக்கும். எங்களுக்குக் காட்டிய பீஸில் நடுவிலிருக்கும் எஃகு நரம்பு மட்டும் குடைக்கம்பி மாதிரி நின்றது. எலிமென்ட் மேல் வெள்ளை ஓடு. டாங்கிக்குள் விரலை விட்டுத் துழாவினால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு போலக் கொழகொழவென்று வந்தது, அதோடு துருச் சிவப்பும். ஆனோடு தீர்ந்தபின் துரு டாங்கியைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஸ்டிக்கரில் தயாரிப்பு வருஷம் 2016. வாடகைத் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில், எலிமென்ட், தெர்மோஸ்டாட் (சூட்டின் அளவைக் கட்டுப்படுத்துவது) பழுது வாடிக்கையாளர் செலவு என்று இருந்தது. அப்புறம் எதற்கு வாடகை? பழுதுச் செலவு கடைக்காரர் தலையில் இருக்கும் என்பதுதானே வாடகையின் ஒரே சுகம்? அந்த வரியை அடிக்கச் சொன்னோம், மறுத்தார்கள். முன்பணம் இன்னும் கட்டாததால் எழுந்து வரமுடிந்தது. எந்தக் கடையிலும் பீஸைத் திறந்து பார்க்குமுன் முன்பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

வாங்குவது என்று ஆனபின் அளவைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். நம்மூர்த் தண்ணீர் காலையில் 26 டிகிரி வாக்கில் இருக்கும், குளிக்க 40 போதும். 15 லிட்டரை 60 டிகிரியில் வைத்தால் பச்சைத் தண்ணீர் கலந்து சுமார் 36 லிட்டர், அதாவது இரண்டு பக்கெட். மூன்றாமவர் இருபது நிமிடம் பொறுக்க வேண்டும். 25 லிட்டரில் மூன்று பேர் தாராளமாகக் குளிக்கலாம். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் சமையலறைக்குச் சரி. குளிக்கப் போட்டால் ஒரு பக்கெட் நிறைய ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

டாங்கி விஷயத்தில் தண்ணீர்தான் முடிவு செய்ய வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ஆற்றுத் தண்ணீருக்கு எதுவும் ஓடும். குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரிக் கடலோர போர்வெல் தண்ணீருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டாங்கி என்றால் எச்சரிக்கை வேண்டும், தண்ணீரிலுள்ள உப்பு ஊசித் துளை போட்டுவிடும். உள்ளே கண்ணாடிப் பூச்சுள்ள டாங்கியும் கனமான ஆனோடும் நல்லது. வெளிக்கூடும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்புத் தகடு என்றால் கடற்காற்றே முடித்துவிடும். குழாய் முனையில் வெள்ளை ஓடு கட்டுகிற வீடு என்றால் வருஷத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து, ஆனோடு பார்த்து, சுண்ணாம்பை எடுத்துவிட வேண்டும். அப்போது மூடிக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டும் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர்) புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையே திருப்பிப் போட்டால் ஒரு வாரத்தில் அங்கிருந்துதான் ஒழுகும்.

பில் போடுகிற இடத்திலும் ஒரு மல்லுக்கட்டு. பில்லில் மாடல் பெயர் மட்டும் இருந்தது, சீரியல் எண் இல்லை, வாரன்டி கார்டில் சீல் இல்லை. “ஆன்லைன்ல ஏறிரும் சார்” என்றார் பில் போடுகிற பையன். ஏறுகிறதோ இல்லையோ, பெட்டியைப் பிரித்து, கீசர் உடம்பிலுள்ள எண்ணும் பெட்டியிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து, பில்லில் எழுதி வாங்கித்தான் கிளம்பினோம். வாரன்டியை மூன்று வரியாகப் படிக்க வேண்டும்: டாங்கிக்கு ஒன்று, எலிமென்ட்டுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. கடையில் உரக்கச் சொல்லும் ஐந்து, ஏழு வருஷமெல்லாம் டாங்கிக்கு மட்டும். கடின நீரால் வரும் பழுதுக்கு வாரன்டி இல்லை என்ற வரியும் இருக்கிறதா பாருங்கள்.

மாட்டும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். நீலம் பச்சைத் தண்ணீர் உள்ளே போக, சிவப்பு வெந்நீர் வெளியே வர. மாற்றிக் கொடுத்தால் எவ்வளவு நேரம் போட்டாலும் வெதுவெதுப்புதான். சேஃப்டி வால்வு நீலப் பக்கம்தான் வர வேண்டும். தண்ணீர் சுடும்போது விரியும், வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக விழும், அது இயல்பு. எங்களுக்கு மாட்டியவர் சொட்டைப் பார்த்துவிட்டு டெஃப்லான் டேப் சுற்றி அடைக்கப் பார்த்தார், கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வாயை அடைத்தால் டாங்கி வெடிகுண்டாகிவிடும். வெந்நீர் லைன் சூடு தாங்கும் சிபிவிசி பைப்பாக இருக்க வேண்டும், சாதா வெள்ளை பிவிசி சூட்டில் இளகி மூட்டில் விட்டுப்போகும். நாலரை இஞ்ச் சுவர், வெட்டுக்கல் சுவர் என்றால் ஆணிக்காகச் சுவருக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கை நம்ப வேண்டாம். தண்ணீர் நிறைந்த 15 லிட்டர் கீசர் 22, 25 கிலோ தொங்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச். வெறும் டாங்கியில் போட்டால் எலிமென்ட் நிமிடத்தில் போகும், வாரன்டியும் கூடவே போகும்.

கரண்ட் பில் கணக்கு: நான்கு பேர் ஆளுக்கொரு பக்கெட் என்றால் நாளுக்கு ஒன்றேகால் யூனிட் வாக்கில், இரண்டு மாதத்துக்கு 75, 80 யூனிட் கூடும். ஏற்கெனவே 430, 440 ஓடுகிற வீடு என்றால் கவனம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரைக்கான மலிவு விலையும் போய்விடும். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு போட்டு, குளிக்க இறங்குமுன் அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல் ஏற்ற வேண்டாம், சூடு கூடக்கூடச் சுண்ணாம்பும் வேகமாகப் படியும்.

லைன், எம்சிபி, 16 ஆம்பியர் பாயிண்ட் எல்லாம் சேர்த்து 2,900 ஆனது. கடிதத்தில் “ஒயரிங் செலவு உரிமையாளருடையது” என்று இருந்ததால் இரண்டு மாத வாடகையில் கழித்துக்கொள்ள வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். அந்த 250 ரூபாய் ரசீது மட்டும் மேசை டிராயரில் கிடக்கிறது.